ஆறு இருக்கை, பன்னிரண்டு கம்பி

1

இந்தக் கதை எனக்குக் கூரை வழியாக வந்தது. மற்ற எழுத்தாளர்கள் இந்த இடத்தில் ஒரு கனவையோ ரயில் பயணத்தையோ கொண்டுவந்து வைப்பார்கள். எனக்கு வாய்த்தது வெறும் சத்தம்.

எங்கள் குடும்பக் கடை திரைச்சீலைத் துணிக்கடை. அதற்கு நேர் மேலே, முதல் மாடியில், கிடார் ரிப்பேர் பார்க்கும் ஓர் அம்மா இருக்கிறார். கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் 'மேடம்'. மூன்று நாளாக மேலிருந்து ஒரே சுரம். டிங். கொஞ்சம் பொறுத்து இன்னொரு டிங். பிறகு ஒரு ஸ்க்ரூ திரும்பும் அளவுக்கு அமைதி. மறுபடி டிங்.

வேறு கடையாக இருந்தால் பரவாயில்லை. எங்கள் சித்தப்பா பேரம் பேசுகிற முறை அப்படி. வாடிக்கையாளர் ஒரு விலை கேட்டதும் இவர் பதிலே சொல்ல மாட்டார். துணியின் ஓரத்தைத் தடவியபடி சும்மா நிற்பார். எதிராளிக்கு அந்த மௌனம் தாங்காது, தானே விலையை ஏற்றிக்கொள்வார். முப்பது வருடமாக எங்கள் வீட்டுக்குச் சோறு போட்டது அந்த மௌனம்தான். அதன் நட்டநடுவில் 'டிங்' என்றால் என்ன ஆகும்? வாடிக்கையாளர் சுதாரித்துக்கொள்கிறார்.

"போய் அந்தம்மாகிட்ட சொல்லிட்டு வா," என்றார் சித்தப்பா. "மரியாதையா சொல்லு. ஆனா சொல்லு."

சொல்லத்தான் போனேன். சொல்லாமல், ஒரு கதையோடு இறங்கி வந்தேன். சித்தப்பா இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.*

* அவர் பேசாமல் இருப்பது கோபமா, பேரமா என்று எங்கள் வீட்டில் யாருக்கும் பிரித்துச் சொல்லத் தெரியாது.

2

முதல் தொடக்கம்: "மழை ஓய்ந்த ஒரு மாலையில், தனிமையின் பன்னிரண்டு நரம்புகளும் ஒருசேர" —

விட்டுவிட்டேன். மழை பெய்யவில்லை. தனிமையும் இல்லை, அந்த அறையில் நான்கு பேர் இருந்தோம், ஸ்டூல் மூன்றுதான்.

இரண்டாம் தொடக்கம்: "மனித உறவுகள் என்பவை ஒரு கிடாரின்" —

இது அதைவிட மோசம். மீதி வாக்கியத்தை நீங்களே முடித்துவிட்டிருப்பீர்கள். வாசகர் முடித்துவிடக்கூடிய வாக்கியத்துக்கு எழுத்தாளர் எதற்கு?

மூன்றாவதை எழுதிக்கொண்டு மேடத்திடம் காட்டினேன். அவர் முன்பு எடைக்கற்களைச் சரிபார்க்கும் அலுவலகத்தில் இருந்தவர். எங்கள் ஆட்கள் பயப்படுகிற தொழில். தாளை வாங்கி, கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார்.

"கடைக்காரரே, அந்த கிடார்ல எனக்கு என்ன வேலைன்னே இதுல இல்லையே. அது தெரியாம படிக்கிறவங்க எதைப் படிப்பாங்க?"

"அது கொஞ்சம் டெக்னிக்கலா இருக்கும்னு…"

"துணி விக்கும்போது மட்டும் நூல் கணக்கு, சாயக் கணக்குன்னு ஒரு மணி நேரம் பேசுறீங்க."

சரி, சொல்கிறேன். இரண்டே பத்தி. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிடாரில் கம்பியை முறுக்கிச் சுருதி சேர்ப்பது எல்லோருக்கும் தெரிந்த வேலை. அப்படிச் சேர்த்த பிறகும் ஒரு கோளாறு மிச்சம் இருக்கலாம். விரல் வைக்காமல் கம்பியை மீட்டினால் சரியாக இருக்கும். மேலே போய் விரலால் அழுத்தினால் சுருதி விலகும். கம்பியின் நீளம் ஒரு மயிரிழை கூடவோ குறையவோ இருப்பதுதான் காரணம். அதைச் சோதிக்கக் கம்பியின் சரிபாதியில், பன்னிரண்டாவது கட்டத்தில், முதலில் அழுத்தாமல் தொட்டு மட்டும் மீட்டுவார்கள். மணி மாதிரி ஒரு சத்தம் வரும். பிறகு அதே இடத்தில் அழுத்தி மீட்டுவார்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். என் தலைக்கு மேல் கேட்ட இரண்டு டிங்கும் இவைதான். அழுத்திய சத்தம் ஏறி இருந்தால், கிடாரின் அடிப்பக்கத்தில் கம்பி உட்கார்ந்திருக்கும் சின்ன உலோக இருக்கையை ஸ்க்ரூவால் பின்னுக்குத் தள்ள வேண்டும். இறங்கி இருந்தால் முன்னுக்கு.

இது ஆறு கம்பிக் கிடாரின் கதை. மேடத்தின் மேசையில் கிடந்தது பன்னிரண்டு கம்பி எலக்ட்ரிக் கிடார். கம்பிகள் ஜோடி ஜோடியாக இருக்கும். நான்கு ஜோடிகளில் ஒன்று தடியன், ஒன்று ஒல்லி. மற்ற இரண்டு ஜோடிகள் இரட்டைப் பிள்ளைகள். கம்பி பன்னிரண்டு என்றாலும், இந்தக் கிடாரைச் செய்தவர்கள் இருக்கை வைத்ததோ ஆறு. ஜோடிக்கு ஒன்று. தடியனுக்கு இருக்கை பின்னால் போக வேண்டும், ஒல்லிக்கு முன்னால் வர வேண்டும். ஒன்றைத் திருப்திப்படுத்தினால் மற்றது முறைக்கும்.

"அப்ப என்னதான் பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"ரெண்டுக்கும் கொஞ்சம் கொஞ்சம் பிடிக்காத இடத்துல நிறுத்துவேன்."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. நாலு தலைமுறையாக நாங்கள் செய்வது இதைத்தான். இவர் அதை ஸ்க்ரூ டிரைவரால் செய்கிறார்.

3

இப்போது அந்தக் கிடாரின் சொந்தக்காரர்களை உள்ளே கூட்டி வர வேண்டும். ஓர் அக்கா, ஒரு தம்பி.

அக்கா பாடுவார், தம்பி வாசிப்பார். பதினெட்டு வருடம். பகலில் அக்கா பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருப்பவர். தம்பி லிஃப்ட் பழுது பார்ப்பவர். சாயங்காலங்களில் கல்யாண வரவேற்பு, நிறுவன விருந்து என்று இரண்டு பேரும் போய் வருவார்கள். வரும் சனிக்கிழமை ஒரு ஹோட்டல் மேலாளர் இவர்களை வரச் சொல்லியிருக்கிறார். சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு மணி நேரம் பாட வேண்டும். பிடித்துவிட்டால் வாராவாரம் சனிக்கிழமை அவர்களுக்கே. வருடக்கணக்காக இவர்கள் காத்திருந்த இடம் அது.

தம்பி இரண்டு மாதத்துக்கு முன் பழைய மரக் கிடாரை மூலையில் சாத்திவிட்டு இந்தப் பன்னிரண்டு கம்பியை வாங்கினார். அன்றிலிருந்து பாட்டு கசக்கிறது. ஏதோ ஒன்று ஒட்டவில்லை. எது என்பதில்தான் வீட்டில் போர்.

[முதல் பிரதியில் தம்பிக்கு ஒரு மீசை கொடுத்திருந்தேன். கூடவே, யாருக்கும் சொல்லாமல் மறைத்துவைத்த ஒரு நோயும். விரல்கள் மரத்துப்போகின்றன, அக்காவுக்குத் தெரியாது, இப்படி. மேடம் இரண்டையும் அடித்துவிட்டார். "நல்லா இருக்கிற மனுசனுக்கு எதுக்கு வியாதி? உங்களுக்குக் கதை நகரலைன்னா அவர் என்ன பண்ணுவார்?" மீசையை ஏன் அடித்தார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.]

திங்கட்கிழமை தம்பி தனியாக வந்து கிடாரைக் கொடுத்தார். மேடம் சரிசெய்தார். செவ்வாய் மாலை எடுத்துப்போனார், புதன் காலை திரும்பக் கொண்டுவந்தார். "வீட்டுக்குப் போனா பழையபடி ஆயிடுது மேடம்." மேடம் மறுபடியும் சரிசெய்தார். வியாழக்கிழமை, நான் சத்தத்தைப் பற்றி மரியாதையாகச் சொல்ல மாடிப்படி ஏறிய அதே நேரத்தில், அக்காவும் தம்பியும் சேர்ந்தே ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"நீ முன்னாடி போ," என்றார் அக்கா.

"நீயே போ. எல்லாத்துலயும் நீதானே முன்னாடி."

"படியில கூட சுருதி சேரலை பாரு உனக்கு. கால் ஒரு பக்கம், படி ஒரு பக்கம்."

நான் இவர்களுக்குப் பின்னால் போனேன். எழுத்தாளனுக்கு அதுதான் நல்ல இடம்.

4

அறையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், சண்டை தொடங்கினால் நேரம் இருக்காது. ஜன்னலை ஒட்டி நீள மேசை, அதன்மேல் தரை விரிப்பில் வெட்டிய ஒரு துண்டு. கிடாரின் கழுத்துக்குத் தலையணையாகச் சுருட்டிய துண்டுத்துணி. சுவரில் அளவு வாரியாகத் தொங்கும் ஸ்க்ரூ டிரைவர்கள். மருந்துப் புட்டிகளில் குட்டி ஸ்க்ரூக்கள். சுருதி காட்டும் டியூனர் என்ற ஒரு சின்னப் பெட்டி, நடுவில் முள், இரண்டு பக்கமும் கோடுகள். சரியாக இருந்தால் முள் நட்டக்குத்தலாக நிற்கும்; ஏறினால் வலப்பக்கம் சாயும்.

அக்கா உட்காரவில்லை.

"மேடம், நேரா கேக்கிறேன், நேரா சொல்லுங்க. கிடார் சரியா இருக்கா இல்லையா?"

"ஏன்மா?"

"இவன் என்ன சொல்றான் தெரியுமா? கிடார் சரியாத்தான் இருக்காம். என் தொண்டை இறங்கிப்போச்சாம்."

"நான் அப்படிச் சொல்லலை," என்றார் தம்பி. "இறங்குதோ என்னவோன்னு சொன்னேன்."

"அதைத்தான்டா சொன்னேன்."

"சந்தேகமா சொன்னேன்க்கா. நீ முடிவா எடுத்துக்கிட்ட."

பிறகு விஷயம் வெளியே வந்தது. புதன்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போது, கோபத்தில், இரண்டு பேரும் ஒரு பந்தயம் கட்டிவிட்டார்கள். குற்றம் கிடாரிடம் என்றால், சனிக்கிழமை தம்பி வர வேண்டாம்; மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறவர் கீபோர்டு வாசிப்பார், அவரோடு அக்கா போவார். குற்றம் தொண்டையிடம் என்றால், அக்கா ஒதுங்கிக்கொள்வார். தம்பி வேறு பாடகியைப் பார்த்துக்கொள்ளலாம். தீர்ப்பு மேடத்தின் வாயில்.

கவனித்தீர்களா? எந்தத் தீர்ப்பு வந்தாலும் சனிக்கிழமை ஒருவர்தான் போவார். இரண்டு பேருக்கும் அது தெரியும். இரண்டு பேரும் அதை விரும்பவில்லை என்பது நான்கு ஸ்டூல் தூரத்திலிருந்தும் தெரிந்தது (மூன்றுதான் இருந்தன, நான் நின்றேன்). ஆனால் சொன்ன சொல்லை யார் முதலில் திரும்ப எடுப்பது? பேரத்தில் இந்தக் கட்டத்தை எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டு பேரும் வாசல்வரை நடந்துவிட்டார்கள், கூப்பிடுவார்கள் என்று இரண்டு காதும் பின்னால் இருக்கிறது, கூப்பிடத்தான் ஆளில்லை.

5

மேடம் கிடாரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒரு கம்பிக்கு அடியில் கம்பளித் துணித் துண்டைச் செருகி ஊமையாக்கி, அதன் ஜோடியை மட்டும் மீட்டினார். தொட்டு ஒருமுறை, அழுத்தி ஒருமுறை. முள் நட்டக்குத்தல். அடுத்த கம்பி. பன்னிரண்டையும் பார்த்தார். தடியன்கள் ஒரு கோடு இந்தப் பக்கம், ஒல்லிகள் ஒரு கோடு அந்தப் பக்கம். பேசி முடித்த இடத்திலேயே இருந்தன எல்லாம்.

"பாத்தியா," என்றார் தம்பி. "கிடார் சரி."

அக்காவின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. மாறாமல் பார்த்துக்கொண்டார்.

[இந்த இடத்தில் "அவள் கண்களில் ஒரு துளி" என்று எழுதி அடித்தேன். துளி எதுவும் இல்லை. கைப்பையின் ஜிப்பை மூடினார். ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.]

"இருங்க தம்பி," என்றார் மேடம். "இப்ப நீங்க புடிங்க."

தம்பி கிடாரை மடியில் வைத்து, அதே பன்னிரண்டாவது கட்டத்தில் அழுத்தினார். டிங். முள் வலப்பக்கம் நாலு கோடு சாய்ந்தது. ஒல்லிக் கம்பியில் ஏழு கோடு.

மேடம் முள்ளைப் பார்க்கவில்லை. தம்பியின் விரல் நகத்தைப் பார்த்தார். நகம் வெளுத்திருந்தது. திருப்பத்தில் சாய்கிற பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்கிற பிடி அது.

"எப்பவும் இப்படித்தான் அழுத்துவீங்களா?"

"ஆமா. ஏன்?"

"யார் சொல்லிக்குடுத்தது?"

தம்பி கொஞ்சம் யோசித்தார். "யாரு சொல்லிக்குடுத்தா… பழைய கிடார்ல கம்பி ஓங்கி நிக்கும். அழுத்தலைன்னா சத்தமே வராது. அக்கா பாடிக்கிட்டே திரும்பிப் பாத்து, அழுத்திப் புடிடா, அழுத்திப் புடிடான்னு…"

அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

விளக்கிவிடுகிறேன். பழைய மரக் கிடாருக்கு அந்த அழுத்தம் வேண்டியிருந்தது. அக்கா சொன்னது அன்றைக்குச் சரி. இந்தப் புதுக் கிடாரில் கம்பி மெல்லிசு, தாழ்வாகவும் கிடக்கிறது, தொட்டாலே போதும். அதில் பதினெட்டு வருட அழுத்தத்தை வைத்தால் கம்பி இழுபட்டுச் சுருதி ஏறுகிறது. அக்காவின் தொண்டை இருந்த இடத்திலேயே இருக்கிறது, கிடார் அவரைத் தாண்டிப் போய்விடுகிறது. கேட்கிறவர்களுக்குத் தொண்டை இறங்கிய மாதிரி இருக்கிறது.

ஆக, கிடார் சரி. தொண்டை சரி. பந்தயத்தில் யாருமே பணயம் வைக்காத ஒன்று தவறு.

6

இந்த இடத்தில் நான் மூன்று முடிவுகளை விரித்துப் போடுகிறேன். எங்கள் கடை வழக்கம் இதுதான்; முதலில் வாங்க வேண்டாததைக் காட்டுவோம்.

அ) மேடம் பொய் சொல்கிறார். "ஒரு ஸ்க்ரூ லூசா இருந்தது, இறுக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு, தம்பியின் முரட்டு விரலுக்கு ஏற்றபடி ஆறு இருக்கைகளையும் பின்னுக்குத் தள்ளிவிடுகிறார். தம்பி வாசித்தால் சரியாக இருக்கும், வேறு யார் வாசித்தாலும் கசக்கும். செய்யக்கூடிய வேலைதான். ஆனால் "கிடார்லதான் குத்தம்" என்று ஆகிவிடும். எக்ஸ்ரேக்காரர் கீபோர்டைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

ஆ) மேடம் உண்மை சொல்கிறார். குற்றம் விரல்மேல். அதாவது தம்பிமேல். எக்ஸ்ரேக்காரர் இன்னும் வேகமாகத் துடைப்பார்.

இ) எல்லோரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். இது கடையில் இருக்கிறது, கேட்டால் எடுத்துக் கொடுப்பேன். ஆனால் ஒரு தடவை துவைத்தால் சாயம் போகும், சொல்லிவிட்டேன்.

மேடத்திடம் மூன்றையும் வாசித்துக் காட்டினேன். அன்று மேசையில் வேறொரு கிடார் இருந்தது. தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"முதல் ரெண்டுலயும் நான்தான் பேசுறேன்."

"நீங்கதானே தீர்ப்பு சொல்லணும்?"

"நான் அன்னிக்குத் தீர்ப்பே சொல்லலையே. நீங்க பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? சுவத்துல சாஞ்சுக்கிட்டு."

உண்மை. நான் கற்பனை செய்யத் தொடங்கிய இடத்தில் கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டேன். பல எழுத்தாளர்கள் இதற்காகப் பாராட்டப்பட்டிருக்கிறார்கள். எனக்கு ஒரு முறைப்புதான் கிடைத்தது.

7

நடந்தது இது.

தம்பி பாதியில் நிறுத்திய வாக்கியம் அறையில் அப்படியே நின்றது. மேடம் அவர் மடியிலிருந்து கிடாரை வாங்கினார். அக்காவிடம் நீட்டினார்.

"எனக்கு வாசிக்கத் தெரியாதே."

"வாசிக்க வேணாம். உக்காந்து, இந்த இடத்துல, தம்பிக்குச் சொல்லிக்குடுத்தீங்களே, அந்த மாதிரி ஒரு தடவை புடிங்க."

அக்கா கைப்பையை என்னிடம் கொடுத்தார். நான் யார் என்று கேட்கவில்லை. வேலையில்லாமல் நின்ற ஆள் நான் ஒருவன்தான். ஸ்டூலில் உட்கார்ந்தார். கிடாரைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் தவறாகத் தூக்கி, தம்பி திருத்த, சரியாக வைத்துக்கொண்டார். பன்னிரண்டாவது கட்டத்தில் விரலை வைத்தார்.

அழுத்தினார்.

தம்பியின் நகம் வெளுத்தது என்றேன் அல்லவா? அக்காவுக்கு நகத்தோடு விரலின் முதல் கணுவரை வெளுத்தது. மேடம் கம்பியை மீட்டினார். முள் வலப்பக்கம் போனது, நாலைத் தாண்டியது, ஏழைத் தாண்டியது, கோடுகளே முடிந்துபோன ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

கீழே எங்கள் கடையில் சித்தப்பாவின் மௌனம் என்ன விலைக்குப் போய்க்கொண்டிருந்ததோ தெரியாது. மேலே இருந்த மௌனத்தை யாராலும் வாங்கியிருக்க முடியாது.

அக்கா முள்ளைப் பார்த்தார். பிறகு தம்பியின் இடது கையைப் பார்த்தார். விரல் நுனிகளில் காய்ப்பு ஏறி இருந்தது, ஒவ்வொன்றிலும் கம்பி போன தடம். பதினெட்டு வருடமாக மேடையில் அவருக்குப் பின்னால் இருந்த கை. அவர் பார்வையாளர்களைப் பார்த்துத்தான் பாடுவார். அந்தக் கையை இவ்வளவு பக்கத்தில் பார்த்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்.

தம்பி அக்காவைப் பார்த்தார். ஒரு தம்பியின் வாழ்க்கையில் இப்படி ஒரு நிமிடம் எத்தனை தடவை வரும்? "பாத்தியா" என்ற ஒரு சொல் போதும். நாலே எழுத்து. அதைச் சொல்லிவிட்டால் அவர் ஜெயித்தார், சனிக்கிழமை போச்சு. அதை விழுங்கிவிட்டு, "சரி விடுக்கா, நான் மெதுவா புடிச்சுப் பழகிக்கிறேன்" என்றால் சனிக்கிழமை கிடைக்கும். ஆனால் தோற்றவர் அவர் என்று ஆகிவிடும், அதை வாழ்நாள் முழுக்க அக்கா சாப்பாட்டு மேசையில் சொல்லிக்காட்டலாம். அக்கா முதலில் பேசிவிட்டால் இரண்டுமே தேவையில்லை. அக்கா முதலில் பேசுகிற ஜாதியா என்று உங்களுக்கே தெரியும்.

தம்பி வாயைத் திறந்தார்.

என் பங்கு இத்தோடு சரி. அவர் என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியும், பையைப் பிடித்துக்கொண்டு அங்கேயேதான் நின்றேன். ஆனால் எழுதிவிட்டால் அது என் வாக்கியமாகிவிடும், உங்களுடையதாக இருக்காது. அக்காவோடு பிறந்தவர்கள் அந்த வாக்கியத்தை உங்கள் வீட்டிலிருந்தே கொண்டுவாருங்கள். தம்பியோடு பிறந்தவர்கள், அவன் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் ஒரு தடவை இருந்து பாருங்கள். ஒற்றைப் பிள்ளைகள் பக்கத்து வீட்டில் விசாரித்து எழுதிக்கொள்ளலாம். எக்ஸ்ரேக்காரருக்கு என்ன பதில் சொல்வது என்பதையும் நீங்களே முடிவு செய்யுங்கள். பாவம், அவரிடம் இதுவரை யாரும் எதையும் கேட்கவில்லை.

அவசரம் வேண்டாம். அக்கா இன்னும் கம்பியிலிருந்து விரலை எடுக்கவில்லை.